போர்க்கப்பலில் குடித்தனம்

என் கணவர் ஜேபஸ் ட்ரெகியர் மூன்று போர்க்கப்பல்களில் வேலை பார்த்தவர். அதில் ஒன்றில் நானும் ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தினேன். பீரங்கித் தளத்தில் கோழி வளர்த்தேன். ஒரு காலத்தில் அட்மிரல் உட்கார்ந்து உத்தரவு போட்ட அறையின் ஜன்னலில் வெங்காயம் கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் ஆற்றங்கரை ஊரான டார்பாயிண்டில் இன்றைக்கும் சிலர் என்னை ‘அட்மிரலம்மா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். கேலிதான். ஆனாலும் சொந்தப் பேரைவிட அந்தப் பேருக்குத்தான் நான் சீக்கிரம் திரும்பிப் பார்க்கிறேன்.

அவருக்கு ஊர் காஸண்ட். குன்றுக்கு அந்தப் பக்கம், கடலை முட்டிக்கொண்டு நிற்கும் சின்ன மீன்பிடிக் கரை. அவர் அப்பாவுக்குத் தொழில் மத்தி மீன் பிடிப்பது. நிலா இல்லாத நாட்களில் அவர் வலையில் பிரெஞ்சுப் பிராந்திப் பீப்பாய்களும் சிக்கும் என்பது ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பையன், மகாராணியின் கடற்படையில் சேரப்போகிறேன் என்று வந்து நின்றால் எப்படி இருக்கும்? அவர் அம்மா தலையில் அடித்துக்கொண்டாளாம்.

“நம்ம படகைத் துரத்துறவனுங்களோட போய்ச் சேர்றேங்கிறியே, உனக்கு வெக்கமா இல்லையாடா?”

“அவங்க வேற, இவங்க வேறம்மா. அது சுங்கக்காரன் படகு. நான் சொல்றது பெரிய கப்பல்.”

“பெருசோ சிறுசோ, கொடி ஒண்ணுதானேடா பாவி!”

அந்தப் பெரிய கப்பலின் பெயர் ‘செயிண்ட் பீரன்’. ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று பீரங்கித் தளங்கள். முழுக்க ஓக் மரம். ஒரு நாள் காலையில் அது பிளிமத் துறையை விட்டு எல்லாப் பாய்களையும் விரித்துக்கொண்டு வெளியே வந்தது. அப்பாவோடு படகில் இருந்த இவர், வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே கையிலிருந்த வலையைத் தண்ணீரில் நழுவவிட்டார். வலை போனதற்கு அப்பாவிடம் ஓர் அறை. “அந்த அறையில உருண்டவன்தான், நேரா கடற்படையில போய் விழுந்தேன்” என்று சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் கார்ன்வால் சீமைக்குப் பீரன்தான் புனிதர். அந்தக் காலத்தில் அயர்லாந்தில் அவரை மாவரைக்கும் எந்திரக்கல்லில் கட்டிக் கடலில் தள்ளினார்களாம். கல் மிதந்து எங்கள் கரைக்கு வந்து ஒதுங்கியதாம். கப்பலும் அந்தக் கல்லைப் போலத்தான், திரும்பச் சொன்னால் சாப்பாட்டு வேளை தாண்டித்தான் திரும்பும் என்று மாலுமிகள் பேசிக்கொள்வார்களாம். என்னதான் வைதாலும், கப்பலை ‘அவள்’ என்றுதான் சொல்வார்கள். ஜேபஸும் கடைசிவரை அப்படித்தான். கல்யாணமான புதிதில் “அவளுக்கு இடுப்பு பெருசு, ஆனா நடை அழகு” என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, நான் ஒரு நாள் முழுக்கச் சாப்பாடு போடவில்லை.

கப்பலின் முன்பாய்மரத்து உச்சி அவருடைய இடம். காற்றில் மரம் ஊசலாட, கால் வைக்க ஒரே ஒரு கயிறு. வயிற்றை மரத்தில் அழுத்திக்கொண்டு இரண்டு கையாலும் பாயைச் சுருட்ட வேண்டும். முதல் முறை ஏறியபோது அழுதுவிட்டாராம். ஒரு மாதம் கழித்து இறங்கச் சொன்னால் அழுகை வந்ததாம்.

“மேல நின்னு பாத்தா, கப்பல் யாரோ கழட்டிப் போட்ட ஒத்தைச் செருப்பு மாதிரி தெரியும், டாம்சி. அதுல எண்ணூறு பேரு இருக்கோம்னா நம்பவே முடியாது” என்பார் என்னிடம்.

ரஷ்யாவோடு சண்டை வந்தபோது செயிண்ட் பீரன் கருங்கடலுக்குப் போனது. கல்கோட்டைகளை எதிர்த்து ஒரு பகல் முழுக்கச் சுட்டார்கள். பக்கத்துப் பீரங்கியில் நின்ற இரண்டு பேர் போய்விட்டார்கள். இவருக்குப் போனது இடது காது மட்டும். அந்தப் பகலைப் பற்றி அவர் அதற்குமேல் வெகுகாலம் பேசவில்லை. காதைப் பற்றி மட்டும் பேசுவார். நாங்கள் சமாதானமாக இருக்கும் நாட்களில் என் இடப்பக்கம், வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்காருவார். சண்டை வந்துவிட்டால் எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, செத்த காதை என் பக்கம் காட்டிக்கொண்டு பைப் புகைப்பார். நான் பேசிப் பேசிக் களைத்துப் போவேன்.

சண்டை முடிந்து கப்பல் திரும்பி வந்தபோதுதான் நான் அவரைப் பார்த்தேன். ஆற்றுக்கு அக்கரையில், டெவன்போர்ட்டில் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கரையிறங்கிய மாலுமிகள் வாடகை வண்டிகளின் கூரைமேல் ஏறிப் பாடிக்கொண்டு ஊரைச் சுற்றிய வாரம் அது. ஒரு மத்தியானம் உயரமான ஆள் ஒருவர், கழுத்துவரை கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். கையில் ஒரே ஒரு சட்டை. முன்பக்கம் முழுக்க பியர்.

“இது எப்பம்மா கிடைக்கும்?”

“நாளைக்கு.”

“நாளைக்கா? என்கிட்ட இருக்கிறதே இந்த ஒண்ணுதான்.”

“அப்ப கோட்டுக்குள்ள என்ன இருக்கு?”

“நான்தான் இருக்கேன்.”

கடையில் இருந்த பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இப்பவே துவைச்சுத் தரேன். காயுற வரைக்கும் அந்த மூலையில நில்லு” என்றேன். அவர் நின்றார். குளிரில் பல் தந்தி அடித்தது.

“ரஷ்யாக்காரன் பீரங்கி முன்னாடி நின்ன ஆளாய்யா நீ? இப்படி நடுங்குற?”

“பீரங்கி முன்னாடி சட்டை போட்டுக்கிட்டு நின்னேம்மா.”

இலையுதிர் காலம் முடிவதற்குள் ஆற்றுக்கு இந்தப் பக்கம், டார்பாயிண்டில் எங்கள் கல்யாணம் நடந்தது.

அடுத்த கப்பல் ‘மால்வினா’. பாயும் உண்டு, நீராவியும் உண்டு. செயிண்ட் பீரனின் பக்கத்தில் நிறுத்தினால் அதன் குட்டி மாதிரி இருக்கும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், மனிதர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு ஓடும் கப்பல்களைத் துரத்திப் பிடிப்பது அதற்கு வேலை. ஜேபஸ் புறப்பட்டபோது நான் ஐந்து மாதம். திரும்பி வர மூன்றரை வருஷம் ஆனது.

அந்தக் கரையில் காய்ச்சல்தான் பெரிய எதிரி. அங்கத்திய குரூ இனத்து ஆட்களைக் கப்பலில் சேர்த்துக்கொள்வார்கள். அலை எப்படி அடித்தாலும் படகைக் கரை சேர்க்கத் தெரிந்தவர்கள். கப்பலில் அவர்களுக்கு வாயில் வந்த பெயரைப் போட்டு வைப்பார்கள். ஜேபஸின் படகில் துடுப்புப் போட்டவருக்கு ‘ஜாக் கடற்காற்று’ என்று பெயர். அவருடைய உண்மையான பெயர் நியேமா. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசிவரை அப்படியே கூப்பிட்டவர் ஜேபஸ் மட்டும்தான்.

ஒரு தடவை இரண்டு நாள் துரத்திப் பிடித்த கப்பலில் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நிமிர்ந்து உட்காரக்கூட உயரமில்லாத கீழ்த்தளம். அவர்களை விடுவித்து, அதே கப்பலில் ஃப்ரீடவுனுக்குக் கொண்டுபோய் இறக்கச் சொல்லி ஓர் இளம் அதிகாரியையும் சில மாலுமிகளையும் அனுப்பினார்கள். ஜேபஸும் நியேமாவும் அதில் இருந்தார்கள். அதிகாரி காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். நியேமாவுக்கு அவர்களில் சிலரோடு கொஞ்சம் பேச்சு புரிந்தது. கீழே யாரும் போகவேண்டாம், எல்லாரும் மேல்தளத்திலேயே இருக்கட்டும் என்று ஜேபஸ் உபரியாக இருந்த பாய் ஒன்றை வெட்டி நிழலுக்குக் கூரை கட்டினார். அந்தக் கூரையின் கீழ் ஒரு பெண்ணுக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. அந்தத் தாய், குழந்தையை ஜேபஸின் கையில் ஒரு நிமிஷம் கொடுத்து வாங்கிக்கொண்டாளாம். ஏன் கொடுத்தாள் என்று இவருக்குப் புரியவில்லை. நியேமா சொன்னாராம்: “உன் ஊர்ல உனக்கும் பொண்ணு இருக்குன்னு நான்தான் சொன்னேன். அதான்.”

எங்கள் மகளுக்கு கிரேஸ் என்று பெயர் வைத்திருந்தேன். பிறந்த சேதி அவருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒன்றேகால் வயதில் தொண்டை அடைப்பு வந்து அவள் போய்விட்ட சேதி போய்ச் சேரவில்லை. கப்பல் போகும் துறைக்கெல்லாம் அது பின்னாலேயே அலைந்திருக்கிறது.

ஊர் திரும்புமுன் நியேமா அவருக்கு ஒரு சாம்பல் நிறக் கிளி கொடுத்தார். ஜேபஸ் பயணம் முழுக்க அதற்குப் பேச்சுப் பழக்கினார். நான் துறைக்குப் போகவில்லை. எதைச் சொல்லி அவரை எதிர்கொள்வது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்தேன். அவர் கதவைத் திறந்து, கூண்டை மேசையில் வைத்து, துணியை விலக்கினார். கிளி தலையைச் சாய்த்து என்னைப் பார்த்து, அவர் குரலிலேயே, “கிரேஸ் கண்ணு, அப்பா வந்துட்டேன்” என்றது.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பிறகு துணியை எடுத்துக் கூண்டை மெதுவாக மூடினார்.

கிளியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். எங்கள் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் சத்தமாகச் சொன்ன ஒரே உயிர் அதுதான். பதினான்கு வருஷம் எங்களோடு இருந்தது. எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை.

மூன்றாவது கப்பல் ‘ஸ்டால்வர்ட்’. இரும்புக் கவசம் போட்டது. அதில் பாய்மரம் பேருக்குத்தான். உள்ளே இறங்கினால் கொல்லன் பட்டறை. உச்சியில் நின்று பழகிய ஆளுக்குப் புகைபோக்கியின் கரியைத் துடைக்கும் வேலை. விடுப்பில் வரும்போது அவர் துணிகளைத் துவைத்த தண்ணீர் மை மாதிரி இருக்கும்.

“அது கப்பலா? மிதக்குற கெட்டில்!” என்பார்.

“கெட்டில்தான்யா உனக்குச் சம்பளம் கொடுக்குது.”

“அதுக்காக அதைப் பாத்துப் பாட்டா பாடச் சொல்ற?”

குறை சொன்னாலும் அதில்தான் அவர், விசில் ஊதி மாலுமிகளை வேலை வாங்கும் போசனுக்கு உதவியாளாக உயர்ந்தார். அவருடைய விசில் சத்தத்துக்கு எந்தத் தளத்தில் இருக்கும் ஆளும் அசையாமல் நிற்பான் என்று அவரோடு வேலை பார்த்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சேவைக்காலம் முடிந்ததும் பென்ஷனோடு வந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது ஆகவில்லை.

கரை அவருக்கு ஒத்துவரவில்லை. கட்டிலில் தூக்கம் பிடிக்காமல் சமையலறை உத்தரத்தில் கித்தான் தொட்டில் கட்டிப் படுத்தார். காலையில் டீக்குத் தண்ணீர் வைக்கக் குனிந்து அதனடியில் நுழைந்து போவேன். உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்தார். வரிசை மட்டும் நூல் பிடித்தது போல இருந்தது, கிழங்கு வரவில்லை. இப்படி ஓர் ஆண்டு போனபின், ஒரு மத்தியானம் டெவன்போர்ட்டிலிருந்து ஓட்டமாக வந்தார்.

“டாம்சி, மூட்டையைக் கட்டு. வீடு மாத்துறோம்.”

“எங்க?”

“செயிண்ட் பீரனுக்கு.”

நான் அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. “உனக்குக் காதுதான் போச்சுன்னு நினைச்சேன்” என்றேன்.

விஷயம் இதுதான். மரக்கப்பல்களின் காலம் முடிந்து, ஓய்வு கொடுத்தவற்றை எல்லாம் எங்கள் ஹாமோஸ் ஆற்றில் வரிசையாகச் சங்கிலி போட்டு நிறுத்தி வைத்திருந்தார்கள். செயிண்ட் பீரனும் அதில் ஒன்று. பீரங்கிகளைக் கழற்றிவிட்டார்கள். மரங்களைப் பாதிக்கு வெட்டி, மேல்தளத்துக்குப் பலகைக் கூரை போட்டுவிட்டார்கள். அதைக் காவல் காத்து, கசியும் தண்ணீரை இறைத்துவிட ஆள் வேண்டும். குடும்பத்தோடு தங்கலாம்.

முதல் நாள் படகிலிருந்து ஏணியில் ஏறி உள்ளே போனபோது எனக்கு மாதாகோயிலுக்குள் நுழைந்தது போல இருந்தது. காலியான தளம், நீளம் நீளமாக இருட்டு, பீரங்கி வாசல்களிலிருந்து சதுரம் சதுரமாக வெளிச்சம். ஜேபஸ் தொப்பியைக் கழற்றிவிட்டார். ஓர் உத்தரத்தைத் தட்டிக் காட்டி, “இந்தக் கொக்கிக்கும் அந்தக் கொக்கிக்கும் நடுவுல என் படுக்கை. இந்தப் பக்கம் ஒருத்தன் முழங்கை, அந்தப் பக்கம் ஒருத்தன் முழங்கை” என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி ஓர் இடத்தில் நின்றார். அங்கே பலகை புதிதாகப் போட்டு மூடியிருந்தது. கருங்கடலில் குண்டு பட்ட இடம் என்று நானே புரிந்துகொண்டேன்.

எங்களோடு ஒபதையா பக் என்றொருவர் இருந்தார். கென்ட் பக்கத்துக்காரர். கடற்படையில் சமையல்காரராக இருந்து ஓய்வுபெற்றவர். தண்ணீர் இறைக்கும் பம்பின் மறுபக்கத்துக்கு ஆள் வேண்டுமென்று அவரையும் வைத்தார்கள். பெரிய தொப்பை, அதைவிடப் பெரிய வாய். கார்ன்வால்காரர்களுக்கு எதைக் கண்டாலும் மாவில் வைத்து மூடி பேஸ்டி செய்யத்தான் தெரியும் என்பார்.

“பிசாசு உங்க ஆத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வராததுக்குக் காரணமே அதுதாம்மா. தன்னையும் பேஸ்டியில வச்சிருவாங்கன்னு பயம்.”

“உங்க சூப்பைக் குடிச்சதுக்கு அப்புறம் பிசாசுக்கு நடமாட முடிஞ்சாத்தானே வர்றதுக்கு?” என்பேன் நான்.

அந்த ஒன்பது வருஷத்தைப் போல எனக்கு வாழ்க்கையில் வேறு காலம் அமைந்ததில்லை. கோடையில் அட்மிரல் அறையின் கண்ணாடி வரிசை முழுக்கத் திறந்துவிட்டால், ஆற்றின் வெளிச்சம் கூரையில் ஆடும். நாங்கள் மூன்று பேரும் சீட்டாடுவோம். இருநூறு அடி நீளத்துக்குக் கொடி கட்டித் துணி காயப்போட எந்த ஊரில் எந்தப் பெண்ணுக்குக் கிடைத்தது? கோழிகளுக்குக் குளிரடிக்கிறது என்றேன். மறுநாளே ஜேபஸ் பழைய கித்தான்களை ஒட்டுப் போட்டு, கூடாரம் போல ஒரு பெரிய மறைப்புத் தைத்துக் கொடுத்தார். ஒவ்வொரு வசந்த காலத்திலும் சுக்கான் கயிறுகளுக்குக் கொழுப்பு தடவுவார்.

“ஓடாத கப்பலுக்கு எதுக்குய்யா இது?” என்று ஒபதையா கேட்பார்.

“அவளுக்கு அது தெரிய வேண்டாம்னுதான்” என்பார் ஜேபஸ்.

பத்தாவது வருஷம் மார்ச் மாதத்தில் அந்தக் காற்று வந்தது. வடகிழக்கு. இரண்டு நாள் ஓயாமல் அடித்தது. மூன்றாம் நாள் காலை, நான் அடுப்புக்குப் பக்கத்தில் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முன்பக்கத்தில் பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். பிறகு மேசையில் இருந்த உருளைக்கிழங்கு ஒன்று தானாக உருண்டு கீழே விழுந்தது. நின்றுகொண்டே ஒன்பது வருஷம் இருந்த வீடு நகர்ந்தது.

ஜேபஸ் ஓடிவந்தார். “சங்கிலி அறுந்துபோச்சு. ஆறு வடியுற நேரம். கீழ்நோக்கி இழுக்குது.”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பின்பக்கமாகவே நாங்கள் ஆற்றோடு போய்க்கொண்டிருந்தோம். போகிற வழியில், டார்பாயிண்டுக்கும் டெவன்போர்ட்டுக்கும் நடுவே மிதவைப் பாலம். ஆற்றின் அடியில் கிடக்கும் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு நீராவியில் கரைக்குக் கரை போய்வரும் தோணி அது. அதனால் விலகவும் முடியாது, வேகமாகப் போகவும் முடியாது. அன்று சந்தை நாள். நட்டாற்றில் நிறைய ஆட்களோடும் குதிரைவண்டிகளோடும் நின்றது. எங்களைப் பார்த்து விசிலை விடாமல் ஊதிக்கொண்டிருந்தது.

“நங்கூரம்?” என்றார் ஒபதையா. கேட்கும்போதே அவருக்குத் தெரியும். நங்கூரங்கள் எப்போதோ கரைக்குப் போய்விட்டன.

ஜேபஸ் ஒரு கணம்தான் நின்றார். இடுப்பில் கையை வைத்து, கூரைக்கு வெளியே தலையை நீட்டி, காற்றை முகத்தில் வாங்கினார். அந்த முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. முப்பது வருஷத்துக்கு முந்திய, நான் பார்க்காத முகம்.

“டாம்சி, அந்தக் கோழி மறைப்பைக் கழட்டு. ஒபதையா, முன்மரத்துக் கப்பியில கயித்தைக் கோத்துவிடு.”

“பாய் விரிக்கப் போறியா? இதுலயா?” ஒபதையா கத்தினார்.

“மூக்குல ஒரு துண்டுத் துணி போதும்யா! காத்து அவ மூக்கை மேற்கால தள்ளும். திரும்பிட்டான்னா, நம்ம கரைச் சேத்துல கொண்டுபோய்ச் செருகிடலாம். வா!”

நானும் அறுத்தேன், கழற்றினேன், இழுத்தேன். கோழிகள் தளம் முழுக்கப் பறந்தன. மூன்று பேருமாகக் கித்தானை முன்பக்கம் இழுத்துப் போனோம். ஒரு மூலையைக் கப்பல் மூக்கில் கட்டினார். ஒரு மூலையைக் கயிற்றில் மாட்டினார். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, “ஓடு. சுக்கான் சக்கரத்தைப் புடி. நேரா வச்சுக்க. நான் சொல்றதை ஒபதையா நடுவுல நின்னு உனக்குச் சொல்வான்” என்றார்.

“எனக்கு அதெல்லாம் தெரியாதுய்யா!”

“மாவு மேசையை எப்படிப் புடிப்பியோ, அப்படிப் புடி புள்ள!”

ஆளுயரச் சக்கரம் அது. இரண்டு கையையும் அகல விரித்துப் பிடித்தேன். கைகளில் மாவு ஒட்டியிருந்தது. பலகைக் கூரை மறைத்ததால் எனக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. தலைக்குமேல் காற்று, பின்னால் தோணியின் விசில், அதிலிருந்தவர்களின் அலறல். அப்போது முன்பக்கத்திலிருந்து ஜேபஸின் விசில் கேட்டது. பென்ஷன் வாங்கியபின் பத்து வருஷம் வாயில் வைக்காத போசன் விசில். அதைத் தொடர்ந்து கித்தான் படபடவென்று அடித்து, பிறகு ஒரே இழுப்பில் விறைத்துக்கொண்ட சத்தம்.

கப்பல் பெருமூச்சு விட்டது போல ஒரு பக்கம் சாய்ந்தது. பக்கவாட்டு ஜன்னலில் டெவன்போர்ட் மெல்ல நகர ஆரம்பித்தது.

“திரும்புறா! திரும்புறா!” என்று ஒபதையா குதித்தார். “அம்மா, வலது பக்கம் சுத்து! இல்ல, இல்ல, அந்த வலது இல்ல! உன் மாவுக்கை!”

“ரெண்டும் மாவுக்கைதான்யா!”

எப்படியோ சுற்றினேன். கொழுப்பு தடவிய கயிறுகள் வெண்ணெய் போல ஓடின. பின்பக்கம் தோணியை ஒட்டி விலகியபோது அதிலிருந்த ஒரு குதிரையின் கண் எனக்குத் தெரிந்தது, அவ்வளவு பக்கம். ஒரு பெண் கூடையை அணைத்துக்கொண்டு வாய்திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு தோணி பின்னால் போய்விட்டது. அந்த எந்திரக்கல், எண்ணூறு பேர் சேர்ந்து திருப்பிய கப்பல், மூன்று பேருக்கும் ஒரு கோழி மறைப்புக்கும் கட்டுப்பட்டு முன்னேறிக்கொண்டிருந்தது. அடியில் தண்ணீர் சலசலத்தது எனக்குக் கேட்டது. கப்பல் ஓடும் சத்தம் அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

டார்பாயிண்டுக்கு மேல்பக்கச் சேற்றில் அவள் ஏறினாள். இடி இல்லை, உடைசல் இல்லை. களைத்தவள் மெத்தையில் உட்காருவது போல ஏறி நின்றாள். ஜேபஸ் பின்பக்கம் வந்து சேர்ந்தபோது அவர் உள்ளங்கை இரண்டும் கயிறு உராய்ந்து தோல் உரிந்திருந்தது. என் கைகளைச் சக்கரத்திலிருந்து ஒவ்வொரு விரலாக அவர்தான் பிரித்து எடுத்தார்.

“நல்லா ஓடினா, இல்ல?” என்றார்.

மறுநாள் ஓர் அதிகாரி வந்து கப்பலைச் சுற்றிப் பார்த்தார். இளம் வயது. நடந்ததைச் சொல்லச் சொன்னார்.

“கப்பலுக்குப் பொறுப்பா அப்ப யார் இருந்தது?”

“நான்தாங்கய்யா.”

“சுக்கானில்?”

“என் வீட்டுக்காரி.”

“என்ன பாய் விரிச்சீங்க?”

ஜேபஸ் தொண்டையைச் செருமினார். “அது... கோழிப் பாய்ங்கய்யா.”

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரொம்ப நேரம் ஆற்றைப் பார்த்தார். தோள் குலுங்கியது. பிறகு ஜேபஸுக்கு எதிரே நிமிர்ந்து நின்று, தனக்குச் சமமான ஒருவருக்கு வைப்பது போலச் சலாம் வைத்துவிட்டுப் போனார். தோணியில் இருந்த குடும்பங்கள் அந்த வாரம் முழுக்கக் குங்குமப்பூ கேக் செய்து அனுப்பிக்கொண்டே இருந்தன. ஒபதையா தின்று தின்று மஞ்சளாகிவிட்டார்.

அவளை அந்தச் சேற்றிலிருந்து மறுபடி எடுக்க முடியவில்லை. முதுகு விட்டுவிட்டது என்றார்கள். அங்கேயே ஏலம் விட்டு, அங்கேயே பிரித்தார்கள். ஜேபஸ் பார்க்க மாட்டார் என்று நினைத்தேன். தினமும் போனார். எந்த ஆணி எந்தப் பக்கம் சுற்றும், எந்த உத்தரத்தை முதலில் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று பிரிப்பவர்களோடு நின்று சொல்லிக்கொடுத்தார். “யாரோ தெரியாதவன் கையில விட்டுட்டு வர முடியுமா?” என்றார்.

நாங்கள் டார்பாயிண்டிலேயே சின்ன வீடு பார்த்துக்கொண்டோம். உடைந்த துண்டுகளை அவர் தள்ளுவண்டியில் கொண்டுவந்து அடுக்கினார். செம்பு ஆணியிலும் உப்பிலும் ஊறிய ஓக் மரம் சாதாரண மரம் போல எரியாது. ஓரத்தில் பச்சை, நடுவில் நீலம். அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் விளக்குக்கூட ஏற்றாமல் அதன் முன்னால் உட்கார்ந்திருப்போம். அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்து, நான் கேட்டிராத கதைகளை எல்லாம் சொன்னார். கருங்கடலில் அந்தப் பகலைக்கூடச் சொன்னார், செத்த இரண்டு பேரின் பெயர்களோடு. ஒருவர் வில்மட், ஒருவர் சாம்சன் ஹாக்கின்.

அதற்கப்புறம் ஆறு வருஷம் இருந்தார். கடைசியில் மூச்சுக் கோளாறு. ஒபதையாவும் மிதவைப் பாலத்து ஆட்களுமாகத்தான் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்று அடக்கம் முடியும்வரை தோணியை ஓட்டாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.